ஆள் மாற்றமும் புளியமரச் சக்கையும்

இப்போது எந்த மில்லில் பார்த்தாலும் ஆளை மாற்றி மாற்றி வேலை கொடுப்பது நல்லது என்கிறார்கள். போன மாதம் சங்கக் கூட்டத்தில் ஒருவர் மேடையேறி, ஒரே ஆள் ஒரே மிஷினில் கிடந்தால் உடம்பும் கெடும், புத்தியும் மழுங்கும் என்று நெடுநேரம் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டியவர்களில் பாதிப்பேர், யுத்த காலத்தில் ராஜபாளையத்தில் எங்கள் மில்லுக்கு அந்த ஏற்பாடு வந்தபோது அதைக் கவிழ்க்கப் பார்த்தவர்கள். நான் பின்வரிசையில் தூணோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூட்டத்தில் எழுந்து நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சக்கையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால் நான் எதற்கு இப்படிச் சலித்துக்கொள்கிறேன் என்பது விளங்காது.

எங்கள் மில் பஞ்சை நூலாக்குகிற மில். மிஷின்கள் எல்லாம் சீமையிலிருந்து கப்பலில் வந்தவை. யுத்தம் தொடங்கியதும் உதிரிச் சாமான் வருவது நின்றுபோனது. தேய்ந்தது தேய்ந்தபடி, ஆடியது ஆடியபடி ஓட வேண்டும். ஆனால் நூல் மட்டும் முன்னைவிட அதிகம் கேட்டார்கள். கொத்தனார் கல் இடுக்கில் சில்லுக் கல்லைச் செருகி இறுக்குவார் இல்லையா, அதைச் சக்கை என்போம். அதுபோல எங்கள் ஆட்கள் மிஷினில் ஆடுகிற இடத்தில் மரத்துண்டோ மூங்கில் பத்தையோ தோல் துண்டோ செருகி ஓட்டினார்கள். அதற்கும் சக்கை என்றே பெயர். ஒவ்வொருவரும் தன் மிஷினுக்குத் தானே செதுக்கி வைத்திருந்தார்கள். ஒரு மிஷின் சக்கை இன்னொன்றுக்குச் சேராது.

இது மானேஜருக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்று எல்லோரும் ஒற்றுமையாக இருந்தோம். வேறு எதிலும் அந்த ஒற்றுமையை நான் பார்த்ததில்லை. முன்பு ஒரு தடவை பாய்லர் பார்க்க வந்த அதிகாரி ஒருவர், மிஷினுக்குள் வெளிச்சாமான் எதையாவது செருகினால் வேலை போய்விடும் என்று எச்சரித்துவிட்டுப் போயிருந்தார். அதனால் மேலதிகாரிகள் வருகிறார்கள் என்று தெரிந்தால் சக்கை மடிக்குள் போய்விடும். அவர்கள் முதுகு திரும்பினால் மறுபடி இடத்துக்கு வந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் புது மானேஜர் வந்தார். பம்பாயில் பெரிய மில்களைப் பார்த்தவர். ஆடி மாதக் கடைசியில் ஒரு நாள் சங்கு ஊதியதும் எங்களை எல்லாம் முற்றத்தில் நிற்க வைத்துப் பேசினார். ஒரு ஆள் காய்ச்சலில் படுத்தால் ஒரு மிஷின் படுத்துவிடுகிறது, அடுத்தவனுக்கு அதை ஓட்டத் தெரியவில்லை, இனி இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எல்லோரும் பகுதி மாற வேண்டும் என்றார். அதோடு, பஞ்சுத் தூசியில் ஒரே ஆட்கள் ஆயுசுக்கும் நிற்பது நியாயமில்லை என்றும் ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மற்றதற்கெல்லாம் சொல்வேன்.

தூசியில் நின்றவர் என் தங்கை மாப்பிள்ளை.

பஞ்சுப் பொதியை உடைத்து, உதறி, மிஷினுக்குக் கொடுக்கிற இடத்துக்கு எங்கள் மில்லில் புளோரூம் என்று பெயர். உள்ளே போனால் எதிரே நிற்கிற ஆள் வெள்ளையாகத் தெரிவான், முகம் தெரியாது. மாப்பிள்ளை மில் தொடங்கிய நாளிலிருந்து அங்கேதான். பொதி தூக்குகிற உடம்பு என்று பார்த்ததும் அங்கே அனுப்பிவிட்டார்கள், பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இருமல் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் பக்கத்துப் பக்கத்து வீடு. காலையில் அவர் இருமி முடிக்கிற வரை என் வீட்டில் யாரும் பேச மாட்டோம். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, பஞ்சை விட்டு விலகினால் தேறலாம், விலகாவிட்டால் என்னிடம் கூட்டி வராதீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். வேலையை விட முடியாது. பகுதி மாற்றித் தாருங்கள் என்று கேட்டால் பதிலுக்கு ஒரு ஆள் புளோரூமுக்கு வர வேண்டும். யார் வருவார்கள்?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மில்லுக்கு ஒரே சைக்கிளில்தான் போவோம். டயர் கிடைக்காத காலம், இரண்டு சைக்கிள் வைத்துக்கொள்ள வழியில்லை. நான் மிதிப்பேன், அவர் பின்னால். வன்னியம்பட்டிக்குப் பாதை பிரிகிற விலக்கு வந்தால் முதுகில் தட்டுவார். நிறுத்துவேன். இறங்கிப் போய் ஒரு வேலமரத்தைப் பிடித்துக்கொண்டு இருமுவார். பின்னால் உட்கார்ந்து வருகிற ஆளுக்கே மூச்சு வாங்கும்.

மானேஜர் பேசிய அன்று வீட்டுக்கு வந்து சொன்னதும் தங்கை அழுதுவிட்டாள். எனக்கும் அன்று ஒரு நாள் மில்லின்மேல் பிரியம் வந்தது. ஒரு நாள்தான்.

ஆவணி முதல் தேதி ஆள் மாறினோம். மாப்பிள்ளைக்கு ரிங்கு. இழை முறுக்கேறி நூலாகிறது அங்கேதான். தூசி குறைவு. அங்கிருந்து புளோரூமுக்குப் போனவர் எங்கள் எல்லோரிலும் மூத்தவர், ரிங்கு அண்ணாச்சி என்று மில் முழுக்கக் கூப்பிடுகிற ஆள். அந்த மிஷின் பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து அவர் கையில்தான் ஓடியது. ரிங்கில் நூலுக்குத் தக்க கூலி, புளோரூமில் வெறும் நாள்கூலி. அவருக்குக் கோபம் வந்ததில் தப்பில்லை. ஆனால் கோபத்தை அவர் காட்டிய விதம் இருக்கிறதே. ஆடிக் கடைசி நாள் சாயந்தரம் தன் புளியமரச் சக்கையைப் பிடுங்கி, சாப்பாட்டுத் துணியில் முடிந்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் மட்டும் இல்லை. குடி மாறுகிறவன் தன் அம்மியை வண்டியில் ஏற்றிக்கொள்வதுபோல எல்லோருமே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். புதிதாக வருகிறவன் மாட்டிக்கொண்டால் இது இன்னார் வைத்தது என்று நம் பேரைச் சொல்லிவிடுவான் என்ற பயம் பாதி. நான் செதுக்கியதில் அவன் ஏன் கூலி வாங்க வேண்டும் என்ற எண்ணம் பாதி. தான் போகிற இடத்தில் இன்னொருவன் அதே காரியத்தைச் செய்துவிட்டுப் போயிருப்பான் என்று ஒரு ஆளுக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஆவணி முதல் தேதி காலை ஒவ்வொருவனும் புது மிஷின் முன்னால் நின்று, சக்கை இருந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு, எடுத்தவனைத் திட்டினான். அவன் மடியில் அடுத்தவன் ஓட்டைக்கு உரியது இருந்தது.

மில் முழுக்கத் தடதடத்தது. பஞ்சைச் சீவுகிற கார்டிங்கில் பட்டை நழுவியது. சீவியதை இழுத்து நீட்டுகிற டிராயிங்கில் இழை தடித்தும் மெலிந்தும் வந்தது. ரிங்கில் இழை அறுந்துகொண்டே இருந்தது. மாப்பிள்ளைக்குப் பொதி தூக்கிய கை, விரல் ஒவ்வொன்றும் வெண்டைக்காய் மாதிரி. அறுந்த இழையை ஒட்டுவதற்குள் பக்கத்தில் நாலு அறுந்துவிடும். அவர் எதற்கும் சலிக்க மாட்டார். ஒட்டிக்கொண்டே இருப்பார்.

அதுவரை மிஷின்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த, தனக்கென்று மிஷினும் சக்கையும் இல்லாத என்னை ரீலிங்குக்கு அனுப்பினார்கள். நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற இடம், முழுக்கப் பெண்கள். அவர்கள் சுற்றிய சிட்டத்தை எடுத்து எடைபோட்டு வைப்பது என் வேலை. மானேஜர் ஆளைப் பார்த்துத்தான் பகுதி கொடுத்தாரா, கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் உறவுக்காரப் பெண்களிடமே தரையைப் பார்த்துப் பேசுகிறவன். முதல் நாளே ஒரு பெண் ராட்டைக்கு அந்தப் பக்கம் இருந்தவளைக் கேட்டாள்.

"ஏட்டி, இந்த அண்ணாச்சி தரையில என்னத்தத் தொலைச்சாரு? வந்ததுலேருந்து தேடிக்கிட்டே இருக்காரு."

"தலையத் தொலைச்சிருப்பாரு. நிமிரவே மாட்டேங்காரு பாரு."

அந்த இரண்டு மாதமும் நான் காலையில் உள்ளே நுழைந்தால், கிடைச்சதா அண்ணாச்சி என்று ஒருத்தி கேட்பாள், மற்றவர்கள் சிரிப்பார்கள். பாதிப்பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், அதனால் இரண்டு பாஷையிலும் சிரித்தார்கள். இப்போது நினைத்தால் அவர்கள் நல்ல பெண்கள்தான். அப்போது எனக்கு மிஷின் சத்தத்துக்குள்ளேயே திரும்பிப் போய்விட வேண்டும்போல் இருந்தது.

ஆனாலும் இடத்தை மாற்றித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. காரணம் சைக்கிள். ஆவணிக் கடைசியில் ஒரு காலை வன்னியம்பட்டி விலக்கு வந்தது, முதுகில் தட்டு விழவில்லை. நானே நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். என்ன மச்சான், செயின் கழன்றுவிட்டதா என்று கேட்டார். புரட்டாசியில் ஒரு நாள், நான் மிதிக்கிறேன், நீர் பின்னால் உட்காரும் என்றார். மெதுவாகத்தான் மிதித்தார். ஆனால் இறங்காமல் ராஜபாளையம் வந்து சேர்ந்தார். பின்னால் உட்கார்ந்து வந்த எனக்குத்தான் கண்ணில் தண்ணீர். நல்லவேளை, முன்னால் இருப்பவருக்குத் தெரியாது.

இந்த நேரத்தில் மானேஜர் பொறுமை இழந்தார். நூல் குறைந்துகொண்டே போனது. மேஸ்திரிகளைக் கூப்பிட்டு, பம்பாயில் நடக்கிற காரியம் இங்கே ஏன் நடக்கவில்லை என்று கேட்டார். மேஸ்திரிகளுக்குச் சக்கை விஷயம் நன்றாகத் தெரியும். ஆனால் யாருக்கு எந்த மிஷின் என்று தீர்மானிக்கிற செல்வாக்கு மானேஜர் கைக்குப் போனதில் அவர்களுக்கு எரிச்சல். நம் ஊர் ஆளுக்கு இது ஒத்துவராது என்று ஒரே குரலில் சொன்னார்கள். அவரும் நம்பினார். ஒரு நாள் வேட்டியை மடித்துக் கட்டி மிஷினுக்கு அடியில் குனிந்து பார்த்திருந்தால் அந்த ஓட்டைகள் கண்ணில் பட்டிருக்கும். அவர் கால்சட்டை அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஐப்பசி பிறந்ததும் எல்லோரும் பழைய இடத்துக்கே போய்விடலாம் என்று புரட்டாசியிலேயே அறிவிப்பு வந்தது.

அறிவிப்பைக் கேட்டு மில்லில் ஆரவாரம். மாப்பிள்ளை மட்டும் இழை ஒட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் தங்கை என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அண்ணே, இனி எம்புட்டு நாளைக்கு?" ரிங்கில் இன்னும் எத்தனை நாள் என்று கேட்கிறாள் என நினைத்துப் புரட்டாசி முடிய என்றேன். "அதில்ல, புளோரூம்ல" என்றாள்.  புளோரூமுக்குள் போகிறவருக்கு முடிவு நாள் என்று ஒன்று இருந்ததே இல்லை.

இடையில் ஆயுத பூஜை வந்தது. அந்தக் கூத்தையும் சொல்ல வேண்டும்.

பூஜைக்கு முதல் நாளே சண்டை தொடங்கிவிட்டது. எந்த மிஷினுக்கு யார் சந்தனம் வைப்பது? இப்போது ஓட்டுகிறவனா, முன்பு ஓட்டியவனா? ரிங்கு அண்ணாச்சி, அந்த மிஷினுக்கு முதல் சந்தனம் வைத்த கை இது, வேறு கை பட விடமாட்டேன் என்றார். அதில் எங்கள் பக்கம் சிக்கல் இல்லை. நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள், சந்தனம் வைப்பதில்லை. ஆனால் மற்ற பகுதிகளில் கைகலப்பு வரைக்கும் போனது. ஒருவர் என்னைப் பார்த்து, "நீரு குடுத்து வச்ச ஆளுவே, உமக்கு எந்த மிஷினும் ஒண்ணுதான்" என்றார். ஆமாம், குடுத்து வைத்தவன்தான், ரீலிங்கில் நிற்கிறேனே என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் அவரவர் பழைய மிஷினுக்கே பூஜை போடுவது என்று முடிவானது.

எங்கள் மில்லில் பூஜை என்றால் சக்கைக்கும் உண்டு. அதைக் கழுவி, எண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் வைத்து இடத்தில் செருகினால்தான் மிஷின் முழுசானது என்று கணக்கு. பூஜை போட்டதை மறுநாள் பொழுது சாய்கிற வரை அசைக்கக் கூடாது என்பதும் வழக்கம். ஆக, அன்று எல்லாச் சக்கையும் சாப்பாட்டுத் துணியிலிருந்து வெளியே வந்து, தன் தன் ஓட்டைக்குள் போய் உட்கார்ந்தது. மானேஜர் குடும்பத்தோடு வந்து பொரிகடலை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் மில் ஓடியது. எப்படி ஓடியது என்கிறீர்கள். அதே ஆட்கள், அதே மாறிய இடம், ஆனால் தடதடப்பு இல்லை. ரிங்கில் மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், இழை அறுந்தால்தானே ஒட்டுவதற்கு. ரீலிங்கில் நூல் வந்து குவிந்து, பெண்களுக்கு என்னைக் கேலி செய்யக்கூட நேரம் இல்லை. மானேஜர் அசந்துபோய் மேஸ்திரியைக் கேட்டார். மேஸ்திரி கையைக் கூப்பி, எல்லாம் அம்பாள் அருள் என்றார். அப்படியானால் தினமும் பூஜை போடலாமே என்று மானேஜர் நிஜமாகவே யோசித்ததாகக் கேள்வி.

சாயந்தரம் சங்கு ஊதியது. ஒவ்வொருவராக வந்து குனிந்து, தன் சக்கையைப் பிடுங்கி, சந்தனத்தோடு முடிந்துகொண்டு நடந்தார்கள். நான் ரீலிங் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பேர் ஒரு நாள் முழுக்கக் கண்ணால் பார்த்தார்களே, ஒரு ஆளாவது அதை அங்கேயே விட்டுவிட்டுப் போவான் என்று எதிர்பார்த்தேன். ஒருவனும் விடவில்லை. அன்றைக்கு வந்த எரிச்சலில்தான் எனக்குக் கால் நகர்ந்தது. தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் புளோரூமுக்குப் போனேன். ரிங்கு அண்ணாச்சி ஒரு ஜன்னலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மேலே தூக்கித் திறக்கிற இரும்புச் சட்ட ஜன்னல். தூக்கினால் நிற்காது, விழுந்து மூடிக்கொள்ளும். மில் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். புருவம், மீசை எல்லாம் பஞ்சு ஒட்டி, இரண்டு மாதத்தில் அவர் இருபது வயது கூடினவர்போல் இருந்தார்.

"என்னவே, வேடிக்கை பார்க்க வந்தீரா?"

"இல்ல அண்ணாச்சி. சக்கை..."

"என்ன சக்கை?"

"ரிங்கு சக்கை."

"அது என் சக்கை. நானே வைரம் பாய்ஞ்ச கட்டையாப் பார்த்து வெட்டி, எண்ணெயில ஊறப்போட்டு, இழைச்சு வச்சது. உம்ம மாப்பிள்ளை கூலி வாங்கவா அதை வச்சேன்?"

 திரும்பிப் போயிருப்பேன். அப்போது அவருக்கு இருமல் வந்தது. ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினார். வன்னியம்பட்டி விலக்கில் வேலமரத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் இருமுவாரே, அதே மாதிரி.

"அது இல்லன்னா அவிய திரும்பி இங்கதான் வரணும்" என்றேன். அவ்வளவுதான் எனக்குப் பேச வந்தது.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "இதுலயா கெடந்தாரு அந்த மனுசன், இம்புட்டு வருசமும்? ஒரு நாள் கூடச் சொன்னதில்லையே."

கேட்டால்தானே சொல்வார் என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"சக்கைய அவரு கையில குடுத்துட்டுப் போகமாட்டேன்" என்றார் பிறகு. "தலைகீழா செருகிப் போடுவாரு. நான் கூட நின்னு காட்டுவேன். அதுக்கு ரெண்டு மூணு நாளாகும். அந்த நாளுக்கு என் கூலியில கை வைக்கக் கூடாது. இங்க நிக்கிற மாசத்துக்கும் ரிங்கு கூலிய விடக் குறையக் கூடாது. அதை யாரு அந்தக் கால்சட்டைக்காரர்கிட்ட சொல்லுவா? நீரா?"

இரண்டு பேருமாகப் போனோம். மானேஜர் அறையில் நான் கதவு ஓரமாக நின்றேன். அண்ணாச்சி என்னை முழங்கையால் இடித்தார். சக்கை வச்சிருந்தோம் சார் என்று சொன்னேன். என்ன சக்கை என்று அவர் கேட்டதும், அண்ணாச்சி தன் மடியிலிருந்ததை எடுத்து மேஜைமேல் வைத்தார். சந்தனம் காய்ந்துபோய் ஒட்டியிருந்தது.

மானேஜர் முகம் சிவந்துவிட்டது. மிஷினுக்குள் மரத்துண்டா, யார் அனுமதித்தது என்று சத்தம் போட்டார். அவர் கோபமும் நியாயம்தான். ஒரு துண்டு தெறித்துச் சக்கரத்தில் விழுந்தால் ஆளுக்கே ஆபத்து. அதற்குத்தான் சக்கை தெறிக்காதபடி தோல்வாரால் கட்டி வைப்போம், அது அவருக்கு எப்படித் தெரியும்? திட்டி முடித்தபின் அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். எல்லா மிஷினிலும் இருக்கிறதா என்றார். அண்ணாச்சி, "பூஜை அன்னைக்கு நீங்க பொரிகடலை தின்னீங்களே, அப்ப எல்லாத்துலயும் இருந்துச்சு" என்றார். மானேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இல்லாவிட்டால் எங்கள் இரண்டு பேர் வேலையும் அன்று போயிருக்கும்.

பழைய இடத்துக்குப் போகச் சொன்ன அறிவிப்பை நிறுத்தி வைத்தார். கூலி விஷயத்தை முதலாளியிடம் பேசி, மாறிப் போகிறவனுக்குக் குறையாது என்று எழுதி ஒட்டினார். போகிறவன் வருகிறவனோடு மூன்று நாள் நின்று காட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார். சக்கை வைத்ததற்காக யாரையும் கேட்கமாட்டேன் என்றும் சொன்னார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அப்படி நினைத்தது என் தப்பு.

அவருக்கு ஒரு யோசனை வந்தது. கண்ட மரத்தில் கண்டபடி எதற்கு, எல்லா மிஷினுக்கும் ஒரே அளவில் தேக்கில் செய்துவிடலாம் என்று தச்சுப் பட்டறைக்குச் சொல்லி அனுப்பினார். பளபளவென்று ஒரு கூடை வந்து இறங்கியது. ஒன்றுகூட எதற்கும் சேரவில்லை. சிலது உள்ளே போகவே இல்லை, சிலது போன வேகத்தில் மறுபக்கம் விழுந்தது. எங்கள் ஆட்களுக்குக் கொண்டாட்டம். நாம் சொன்னோமில்லையா, ஒத்துவராது என்று மறுபடி ஆரம்பித்தார்கள். இவர்கள் எங்கே என்ன சொன்னார்கள்? வாயைத் திறக்காமல் இரண்டு மாதம் மில்லைத் தடதடக்க விட்டதைத் தவிர. கடைசியில் பழைய சக்கையே இருக்கட்டும், அதில் மிஷின் நம்பரைப் பெயிண்டால் எழுதுங்கள் என்று முடிந்தது. தேக்குச் சக்கைகளைக் காவல்காரர் வெந்நீர் போட எடுத்துக்கொண்டு போனார்.

ஐப்பசியில் மாப்பிள்ளை ரிங்கிலிருந்து நூல் கட்டுப் போடுகிற இடத்துக்கு மாறினார். அவர் புது ஆளுக்குச் சக்கையைக் காட்டிக்கொண்டிருக்கும்போது, கார்டிங்குக்கு மாறியிருந்த ரிங்கு அண்ணாச்சி தன் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்து, அப்படி இல்லவே, இப்படி என்று பிடுங்கிச் செருகிக் காட்டினார். இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தது. நான் பார்த்தேன். 

இப்படியே இடித்துக்கொண்டும் சலித்துக்கொண்டும் அந்த ஏற்பாடு ஓடியது. மாப்பிள்ளைக்கு உடம்பில் சதை பிடித்தது. காலையில் இருமல் நின்றதால் என் வீட்டில் எல்லோரும் பேச ஆரம்பித்து, எனக்கு அதுவும் தொந்தரவாகப் போனது.

மறுவருஷம் அவருக்கு மறுபடி புளோரூம் முறை வந்தது. வந்துதானே ஆக வேண்டும். தங்கை பழைய வேட்டியைக் கிழித்து, மூக்கில் கட்டிக்கொள்ளத் துணி தைத்துக்கொடுத்தாள். எம்புட்டு நாளைக்கு என்று கேட்டாள். கார்த்திகை முடிய என்று அவர் சொன்னார். சரி என்று உள்ளே போய்விட்டாள்.

அங்கிருந்து வெளியே வருகிற முறை யாருக்கு என்று பார்த்தால், ரிங்கு அண்ணாச்சிக்கு. மானேஜர் எந்தக் கணக்கில் எழுதினார் என்று என்னைக் கேட்காதீர்கள், அவருக்கு அதற்குள் இரண்டாம் தடவை. உத்தரவுப்படி அவர் மூன்று நாள் மாப்பிள்ளையோடு நின்று காட்ட வேண்டும். பொதி உடைப்பதிலேயே உடம்பைக் கெடுத்துக்கொண்ட மனிதருக்கு அண்ணாச்சி, பொதியை எப்படி உடைப்பது, பஞ்சை எப்படி உதறுவது, எந்தப் பக்கம் நின்றால் தூசி படாது என்று மூன்று நாளும் விடாமல் பாடம் எடுத்தார். மாப்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் சரி அண்ணாச்சி, சரி அண்ணாச்சி என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். உமக்குத் தெரியாததா, சொல்லக் கூடாதா என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். "அவரு சொல்லட்டும் மச்சான். எனக்கு இதை யாரும் சொல்லிக் குடுத்ததில்லையே" என்றார்.

மூன்றாம் நாள் சாயந்தரம் அவரைக் கூட்டிப் போக வாசலில் நின்றேன். புளோரூம் ஜன்னல் திறந்திருந்தது. தூக்கிய இரும்புச் சட்டத்துக்கு அடியில் புதிதாக ஒரு புளியமரச் சக்கை. அந்த வழியாகத் தூசி வெளியே போய்க்கொண்டிருந்தது. அண்ணாச்சி சாப்பாட்டுத் துணியை உதறினார், தோளில் போட்டார், ஜன்னல் பக்கம் போனார். மாப்பிள்ளையும் நானும் பார்த்துக்கொண்டே இருந்தோம். அவர் சக்கையை ஒரு தட்டுத் தட்டி இன்னும் கொஞ்சம் இறுக்கினார். "தலைகீழா மாத்திப் போட்டுராதேயும்" என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு, வெறுந்துணியோடு நடந்தார்.

அடுத்த வாரம் மானேஜர் அதைப் பார்த்துவிட்டு, மிஷின் நம்பர் இல்லாத சக்கை இங்கே எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறார். ஜன்னலுக்கு நம்பர் கிடையாது. அதனால் முதலில் ஜன்னலுக்கு ஒரு நம்பர் எழுதி, பிறகு சக்கைக்கும் அதையே எழுதினார்கள்.